வலப்பக்கம் போன பெட்ரோல் குழாய்

எந்த வண்டியிலும் புகைக்குழாயானது, டாங்கியையும் எஞ்சினையும் இணைக்கும் எரிபொருள் குழாயிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது ஒரு விதி. ஒரே வாக்கியம். உட்பிரிவு இல்லை, விதிவிலக்கு இல்லை, ‘மேற்படி’ இல்லை. அரசாங்கத்தில் இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

இந்த விதி எங்கள் வண்டிக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு எங்கள் வண்டி ஒரு வண்டியே அல்ல. வண்டி தயாரிக்கிறவர் முதலில் ஒரு மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், சான்று பெற வேண்டும், அதன் பிறகு அதே போல ஆயிரக்கணக்கில் செய்து விற்க வேண்டும் என்றுதான் நடைமுறை. ஒரே ஒரு வண்டி செய்து அதில் தானே உட்கார்ந்து போக நினைக்கும் ஆளை யாரும் எதிர்பார்க்கவில்லை. எனவே நம்பர் பிளேட் கிடைக்காது என்பதை முதல் நாளே மச்சானிடம் சொல்லிவிட்டேன். அவர், “நம்மூட்டுத் தோட்டத்துல ஓட்டறதுக்கு எவன் நம்பரு கேக்கறானுங்க மாப்ள?” என்றார். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருடைய தோட்டம். கிணற்றடியிலிருந்து மரவள்ளிக் காட்டின் ஓரமாக ஒரு மண்பாதை, கொல்லிமலையைப் பார்த்தபடி நேராக ஓடும். பொது இடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் அந்தப் பாதை வராது. அதில் இருவரும் ஒரு முறை போய் வர வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிடச் சில வயது மூத்தவர். நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். ஆரம்பத்தில் தானே ஓட்டி, பிறகு ஆள் வைத்து ஓட்டி, கடைசியில் மகன்கள் இருவரும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டதால் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். நான் ரயில்வேயில் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் செய்த தவறுகளைப் படித்து, அது எந்த விதியை மீறியது என்று எழுதுவதே என் பிழைப்பாக இருந்தது. சம்பளத்தோடு ஊர்ப் பகையும் தரும் வேலை.

வண்டி செய்யும் யோசனை அவருடையது. லாரிகள் போன பிறகு அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கேயோ கேள்விப்பட்டு, பெட்டி பெட்டியாக ஒரு கிட் வரவழைத்தார். இரும்புச் சட்டம், ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது. எஞ்சின் மட்டும் நாமே தேட வேண்டும். பழைய சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது கிடைத்தது. எல்லாம் சூரமங்கலத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வந்து இறங்கின. தோட்டத்தில் வைத்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். தோட்டத்தில் எலி இருக்கிறது என்றார் அண்ணன். எலி எங்கள் வீட்டிலும் உண்டு. தனியாக இருக்கும் ஆள் வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பதை அவளும் புரிந்துகொண்டாள், நானும் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவார். பையில் குச்சிக்கிழங்கோ கொய்யாவோ இருக்கும். தங்கை கொடுக்கும் காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போவார். கீழே விரிப்பதற்கு ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர் கிடைத்திருந்தது. அதில் யாரோ மணமக்களை வாழ்த்திப் பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகத்தின் மேல் நாங்கள் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே இருக்கும் இரும்பைப் பார்த்தபடி மதியம் வரை வேலை செய்வோம்.

வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. அதனாலோ என்னவோ, நாற்பது வருட உறவில் ஒரு நாளும் பேசாததையெல்லாம் அங்கே பேசினோம். லாரியை விற்ற பிறகு தூக்கம் வருவதில்லை என்று ஒரு நாள் சொன்னார். “சத்தம் இல்லாமப் போச்சுங்களா மாப்ள, காது தேடுது.” நான் பதினொன்றாம் நம்பர் ஸ்பானரை நீட்டினேன். அவர் கேட்டது பதின்மூன்று. வாங்கிக்கொண்டார்.

பெட்ரோல் குழாயில்தான் எங்களுக்குள் வழக்கு தொடங்கியது.

டாங்கி பின்னால், எஞ்சின் முன்னால். நடுவில் குழாய் வண்டியின் முழு நீளத்துக்கும் அடியில் போக வேண்டும். புகைக்குழாய் இடப்பக்கமாகப் போகிறது. எனவே பெட்ரோல் வலப்பக்கம். அதுவும் இரும்புச் சட்டத்தின் உட்புறமாக, கீழ் விளிம்புக்கு மேலே, கல் தெறித்தால் படாத இடத்தில். எஞ்சின் ஆடும் இடத்தில் மட்டும் ரப்பர் ஓஸ். மற்றதெல்லாம் உலோகக் குழாய். கைச்சாண் தூரத்துக்கு ஒரு கிளிப், ஒவ்வொரு கிளிப்பின் உள்ளேயும் ரப்பர். குழாய் ஓட்டை வழியாக நுழையும் இடத்தில் விளிம்பு அறுக்காதபடி ரப்பர் வளையம். சூடான எதற்கும் மேலே இணைப்பு வரக் கூடாது. கிட்டோடு வந்த கையேடும் இதையேதான் சொன்னது. ஏதோ ஒரு குளிர்நாட்டில், மழைக்கு உள்ளே உட்கார்ந்து எழுதியது; நம் வெயிலுக்கு எல்லா அளவையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன்.

மச்சானுக்கு இது சிரிப்பாக இருந்தது. இடப்பக்கமாகப் போனால் குழாய் நேராகப் போகும், வளைவே வேண்டாம். லாரியில் அப்படித்தான் போகிறது. அந்த லாரி அசாம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. சைலன்சரின் மேல் சொட்டினால் புகை வரும், வாசம் வரும், நிறுத்திப் பார்ப்போம், துணி சோப்பைத் தேய்த்து அடைப்போம், மறுபடி கிளம்புவோம். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். அது டீசல், மச்சான் என்றேன். டீசல் சொட்டினால் கறை, பெட்ரோல் சொட்டினால் காரியம். அவர், “எல்லா எண்ணெயும் ஒண்ணுதானுங்க” என்றார். நாமக்கல்லில் அதை மறுக்கப் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள். ஊரே டீசலில் எழுந்து டீசலில் தூங்குவது.

மாதக்கணக்கில் இந்த வாதம் ஓடியது. முடிவுக்கு வராததில் எனக்கு வருத்தம் இல்லை. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையில் பேச வேறு விஷயம் தேட வேண்டியிருக்கும். நான் பார்த்துச் சரி சொல்லாமல் ஸ்டார்ட் செய்வதில்லை என்று மட்டும் ஒப்பந்தம்.

ஆயுத பூஜைக்கு முந்தின சில நாட்கள் நான் ஆத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். பூஜை அன்று காலை பஸ் பிடித்து வீடு வந்தபோது வாசலில் செருப்பு நிறைந்திருந்தது. சேந்தமங்கலத்துப் பங்காளிகள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள் எல்லோரும் கொட்டகையில். வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். நான் இல்லாத நாட்களில் மச்சான் தினமும் வந்து குழாய் வேலையை முடித்துவிட்டார். எனக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம். புது வேட்டி கட்டியிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு நிமிடம் கீழே குனிந்து பார்க்கிறேன் என்றேன். “நல்ல நேரம் முடியப் போவுதுங்க மாப்ள, பொறவு பாத்துக்கலாம்” என்று சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை, பம்பு மட்டும் ஓடி, பெட்ரோல் முன்னால் வரட்டும் என்று. பிறகு கற்பூரத்தை ஏற்றி, தட்டை வண்டிக்குச் சுற்றத் தொடங்கினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு வாசம் வந்தது. மாலை வாசம், சந்தன வாசம், கற்பூர வாசம் எல்லாவற்றுக்கும் அடியில். குனிந்தேன். இடப்பக்கம், புகைக்குழாயை உரசிக்கொண்டு செப்புக் குழாய். நடுவில் ஓர் இணைப்பு. அதன் மேல் நீலத் துணி சோப்பு, கட்டை விரல் ரேகையோடு. சோப்பின் ஓரத்தில் பெட்ரோல் மணி மணியாகக் கோத்து, ஒவ்வொன்றாகக் கீழே பேனரில் இருந்த மணமக்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மச்சான் தட்டோடு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார், எஞ்சினுக்குக் காட்டுவதற்காகக் கையைத் தாழ்த்தியபடி.

தட்டைப் பிடுங்கினேன். வெளியே ஓடி, பக்கத்து வீட்டுக்காரர் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் கவிழ்த்தேன். தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாது. கற்பூரம் மிதந்துகொண்டே எரியும். மணல்தான் சரி. திரும்பி வந்து சாவியை அணைத்து, பாட்டரி ஒயரைக் கழற்றி, எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். வரிசையில் எதுவும் தவறவில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். தொந்தரவே அதுதான். தவறு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

ஒரு பெரியம்மா, ஆரத்தியைக் கவிழ்த்துவிட்டார்களே என்று அழ ஆரம்பித்தார். நான் எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து நடந்ததை விளக்கினேன். விதியைச் சொன்னேன், எண்ணோடு. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் தீப்பிடிக்கும் வெப்பநிலையில் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். சோப்பு ஏன் ஓர் இணைப்பு முறையாகாது என்பதையும் சொன்னேன். மச்சான் கடைசி வரை கேட்டார். பிறகு மெதுவாக, “ரூலு சரிங்க மாப்ள. இனி ரூலோடவே சேந்து வண்டிய ஓட்டிக்குங்க” என்றார். சாப்பிடாமல் பஸ் ஏறினார். பங்காளிகள் அவர் பின்னால் போனார்கள். அத்தனை பேருக்குச் செய்த சுண்டல் மிஞ்சியது.

மாலையில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “தீய அணச்சது சரிங்க. அதுக்கப்பறம் அர மணி நேரம் பாடம் நடத்துனீங்களே, அது எந்த ரூல்ல வருது?”

அது எந்த விதியிலும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். காலையில் டவுன் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் என் காது கதவுப் பக்கம் போவதை நானே கவனித்தேன். தீபாவளிக்கு மனைவி மட்டும் போய் வந்தாள். அண்ணனும் தங்கையும் தினமும் போனில் பேசினார்கள். மழை, கிழங்கு விலை, கோழிக்கு வந்த சீக்கு. கொட்டகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டேன். “நான் தபால்காரி இல்லீங்க. உங்களுக்கும் போன் இருக்குது, அவருக்கும் இருக்குது” என்றாள்.

எனக்குப் போனில் பேச வரவில்லை. எழுதத்தான் தெரியும். குழாயை அவிழ்த்து வலப்பக்கமாக மறுபடி அமைப்பது என்று முடிவு செய்து, அதன் ஒவ்வொரு கட்டத்தையும் அவருக்குத் தகவலாக அனுப்பினேன். பொருள்: எரிபொருள் குழாய், புதிய வழித்தடம். பார்வை: நமது ஞாயிறு உரையாடல்கள். முன்பு அமைத்த குழாய் சேதமின்றிக் கழற்றப்பட்டு எடுத்து வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கூடவே படங்கள். கிளிப் கிளிப்பாக எடுத்த படங்கள். அனுப்பிய சிறிது நேரத்தில் இரண்டு நீலக் குறி விழும். பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பதில் வராது.

குழாய் பதிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் அடியில் படுத்துக் குழாயைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கிளிப்பை வைத்து முடுக்க வேண்டும். தனியாகச் செய்தால், இந்தப் பக்கம் மாட்டும்போது அந்தப் பக்கம் தொங்கும். கயிறு கட்டிப் பார்த்தேன். கல்லை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். மனைவி ஒரு நாள் வந்து பிடித்தாள். அடியில் படுத்தபடியே, இந்தக் கூத்தை இருவரும் ஏன் அடுப்படி பைப்புக்குச் செய்யவில்லை என்று கேட்டாள். பாதி குழாய் போட்டதும் குழம்பு தீய்கிறது என்று எழுந்து போனாள். அவள் போன பிறகு அப்படியே படுத்திருந்தேன். பக்கத்தில் அவர் படுக்கும் இடத்தில் பேனர் மட்டும். பதின்மூன்றாம் நம்பர் கேட்க ஆள் இல்லை. தை போய், மாசி போய், பங்குனி வெயிலில் தகரம் கொதிக்க ஆரம்பித்தபோதுதான் கடைசி கிளிப்பை முடுக்கினேன்.

அழுத்தச் சோதனையும் செய்தேன். எஞ்சினைத் தொடாமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து உலர்த்தி, அடியில் வெள்ளைத் தாள் பரப்பிக் காத்திருப்பது முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காத்திருந்தேன். தாள் தாளாகவே இருந்தது. வேலைக்காலத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். கொட்டகையில் நின்றபடி அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

சாவியைத் திருப்பியிருக்கலாம். இரண்டு இருக்கை உள்ள வண்டியைத் தனியாக ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்; உண்மையாகவே கொஞ்சம் தேடினேன். ஒன்று கிடைத்திருந்தால் அதைக் காட்டி, இதனால்தான் ஸ்டார்ட் செய்யவில்லை என்று மனைவிக்குச் சொல்லியிருப்பேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சித்திரை முழுக்க அது அங்கேயே இருந்தது. துவைக்கும் முன் மனைவி எடுத்து மேஜையில் வைப்பாள். உலர்ந்த சட்டையில் நான் மறுபடி போட்டுக்கொள்வேன்.

வைகாசியில் ஒரு வேலையாகச் சேந்தமங்கலம் வழியாகப் போக நேர்ந்தது. வேலை எதுவும் இல்லை. வழியும் அது இல்லை. பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய தோட்டத்து மண்பாதை ரோட்டிலிருந்து தெரியும். யாரோ அதைச் சீர் செய்திருந்தார்கள். பள்ளங்களில் கிராவல் கொட்டி, வேலி முள்ளை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். மாட்டு வண்டி போகாத, டிராக்டர் போகாத பாதை அது. பஸ் திரும்பி மலை மறையும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதா என்று கேட்டு ஜன்னலோரம் கொடுத்தார்.

அன்று வீடு வந்து, பொருளும் இல்லாமல் பார்வையும் இல்லாமல் முதல் முறையாக ஒரு வரி எழுதினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் மனைவியிடம் காட்டினேன். ‘மச்சான், வண்டி தயாராக இருக்கிறது. நீங்கள் இல்லாமல் சாவி போட எனக்கு மனம் வரவில்லை.’ அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். “இத்தன படிச்சவரு, இத மொதல்லயே எழுதியிருக்கலாமுங்களே” என்றாள். அனுப்பினேன். இரண்டு குறியும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. மறுநாள் நீலமாயின. அவ்வளவுதான்.

ஆனி முழுக்க ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதில் வந்தபோது அவள் அடுப்படியில் காவிரிக்கு எடுத்துப் போகச் சித்திரான்னங்கள் கட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. பின்னணியில் கிணற்று மோட்டார் ஓடும் சத்தம். முதலில் தொண்டையைச் செருமினார். பிறகு, நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர் போலப் பேசினார்.

“ஏனுங்க மாப்ள, எல்லாப் படத்தையும் பாத்தனுங்க. அத்தன கிளிப்பு என்னத்துக்குங்க? பைப்பு என்ன எந்திரிச்சு ஓடியா போவுது? வார ஞாயித்துக்கெழம காலைல வாரனுங்க. தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க.”

மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை சத்தத்தைக் கூட்டி வைத்தேன், அடுப்படிக்குக் கேட்கும்படி. அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. பழக்கம் விடவில்லை, நாட்காட்டியைப் பார்த்து, பதில் பெறப்பட்ட தேதியை மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஆடி பதினெட்டு.